முன் சீட்டிலேயே தூங்கியவர்

என் அக்கா புருஷனுக்குக் கார் ஸ்டாண்டில் 'எடுத்துட்டேன்' என்று பெயர். புதிதாகக் கேட்கிறவர்கள் ஏதோ திருட்டுக் கேஸ் போலிருக்கிறது என்று பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. சம்பளத்துக்குக் கார் ஓட்டுகிறவரை யாராவது கண்ணாடியைத் தட்டி எழுப்பினால் இரண்டே காரணம்தான் இருக்கும். முதலாளி கிளம்பிவிட்டார், வண்டியைக் கொண்டு வா. இல்லையென்றால் இங்கே நிறுத்தக் கூடாது, வண்டியை எடு. தட்டிய விரல் கீழே இறங்குவதற்குள் அத்தான் வாயிலிருந்து "இதோ எடுத்துட்டேன் சார்" என்று வந்துவிடும். வாய் சொல்லி முடிப்பதற்குள் கை கியர் மேல் இருக்கும். வீட்டில் கட்டிலில் படுத்திருக்கும்போது அக்கா கதவைத் தட்டினால்கூட இதே பதில்தான். "கட்டிலை எங்கே எடுக்கப் போறீங்க?" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் கார் கழுவுகிற ஷெட்டில் ஆரம்பித்தவர். அங்கிருந்து ஒரு டாக்டரிடம் டிரைவர், அந்த டாக்டர் காலமான பிறகு ஒரு ஜவுளிக் கம்பெனி முதலாளியிடம் டிரைவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எமகாதகப் பிடிவாதம். காரில் பின் சீட்டில் உட்கார மாட்டார். "அது சம்பளம் குடுக்கிறவங்க இடம்மா, நமக்கு முதுகு ஒட்டாது" என்பார். மத்தியானம் முதலாளி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்ற டிரைவர்கள் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். இவர் தன் சீட்டிலேயே, சாவியும் போட்டபடி, தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு தூங்குவார். தட்டினால் உடனே எடுக்க வேண்டுமே!

இந்தப் பிடிவாதத்துக்கு முதல் பலி எங்கள் அக்கா. கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் வாடகைக் காருக்கு வந்தார்கள். அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தாள். மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? டிரைவரிடம் போய், "அண்ணே, கிளட்ச் கொஞ்சம் இழுக்குது போல, நான் ஓட்டிப் பாக்கறேன்" என்று சொல்லி, மாலையைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். கல்யாணப் பெண் பின்னால் தனியாக முதலாளியம்மா மாதிரி வந்து இறங்கினாள். அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. சாம்பாரில் உப்பு கூடிப்போச்சு என்று அத்தான் சொன்னால், "நீங்கதானே என்னைக் கல்யாணக் கார்ல தனியா விட்டவரு" என்றுதான் அக்காவிடமிருந்து பதில் வரும்.

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? எங்கள் வக்கீலிடம் வருவதில் பாதிக்கு மேல் வண்டி கேஸ். குடித்துவிட்டு ஓட்டினான் என்றால் ஏதோ ஒரே குற்றம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதில் எத்தனை ரகம் என்று என்னைக் கேளுங்கள். நடக்கவே தள்ளாடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவனை எல்லோருக்கும் தெரியும். இன்னொருத்தர் இருக்கிறார். கால் நேராக நிற்கும், பேச்சு கணீரென்று வரும், கருவியில் ஊதினால் மட்டும் சட்டம் சொன்ன அளவைத் தாண்டி எண் காட்டும். "நான் ஸ்டெடியாத்தானேம்மா இருந்தேன்" என்று என் மேஜையைத் தட்டுவார். ஸ்டெடியாக இருந்தாலும் அளவு தாண்டினால் குற்றம்தான் ஐயா, மேஜையை உடைக்காதீர்கள். ஊதவே மாட்டேன் என்று உதட்டை இறுக்கிக்கொண்ட ஒரு புத்திசாலி, சாட்சியே இல்லை என்று சிரித்துக்கொண்டு வந்தார். ஊத மறுத்ததே தனிக் குற்றம் என்று வக்கீல் சொன்னதும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஒரு சொட்டுகூடத் தொடாமல், போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஏறி முந்துகிறவன் குடித்தவனுக்கு எந்த விதத்தில் குறைந்தவன்? அவனுக்கு ஆபத்தாக ஓட்டியது என்று வேறு பிரிவு. வண்டிக்குள் குழந்தை இருந்தால் தண்டனை ஏறும், யாருக்காவது அடிபட்டால் இன்னும் ஏறும். உயிர் போன கேஸ் பேப்பர்களை டைப் அடிக்கிற நாளில் எனக்குச் சோறு இறங்காது.

ஓட்டாமலே மாட்டிக்கொள்கிற ரகமும் ஒன்று உண்டு. குடித்துவிட்டுச் சாவியோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாலே போதும், வண்டி உன் பொறுப்பில்தான் இருக்கிறது என்று சட்டம் பிடிக்கும். ஆனால் இந்த ரகத்துக்கு மட்டும் தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஓட்டும் எண்ணமே எனக்கு இல்லை என்று நிரூபித்துவிட்டால் விட்டுவிடுவார்கள். அந்த வழியாகத்தான் எங்கள் அத்தானை வெளியே கொண்டுவரப் பார்த்தோம்.

நடந்தது இதுதான். அத்தானோடு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த சிநேகிதர் ஒருவர், அவரும் டிரைவர், கண் பார்வை மங்கிப்போய் வேலையை விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஹாலில் அவருக்கு விருந்து வைத்தார்கள். அத்தான் தன் சொந்தக் காரில் போனார். முதலாளி வேண்டாமென்று தள்ளியதை வாங்கி, அங்கங்கே தட்டி ஒட்டி வைத்திருக்கிற கிழட்டுக் கார். அத்தான் குடிக்கிறவர் இல்லை. அன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். சிநேகிதர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே உன் முகமே எனக்கு மங்கலாத்தாண்டா தெரியும்" என்று அழுதாராம். அதற்கப்புறம் யார்தான் மறுப்பார்கள்? ஒன்று இரண்டாயிற்று.

வெளியே வந்ததும் மனிதர் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். மகளுக்குப் போன் போட்டார். "அம்மா, அப்பா கொஞ்சம் சாப்பிட்டுட்டேன். நீ பஸ் புடிச்சு வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிடு" என்றார். அவள் மருந்துக் கடையில் வேலை செய்கிற பெண். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கற்றுக்கொடுக்கும்போது தினம் ஒரு பாட்டு பாடுவார், "முன்னாடி பாக்காம எடுக்காதே, முன்னாடி பாத்துட்டு எடு" என்று. அவளும் உடனே கிளம்பிவிட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அத்தான் ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள் படுத்தார்.

எங்கே? தன் சீட்டில்தான்! பின்னால் மெத்தை மாதிரி சீட்டு காலியாகக் கிடக்கிறது. சொந்தக் கார். சம்பளம் கொடுக்கிறவர் யாரும் ஏறப் போவதில்லை. அதில் ஏறிப் படுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்தத் தெருவில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றதால் ஒரு போலீஸ்காரர் ஒவ்வொரு காராகத் தட்டிக்கொண்டே வந்தார். அத்தான் கண்ணாடியையும் தட்டிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் 'தப் தப்' என்று சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒரு பெண் இரண்டு கையையும் காரின் முன்பக்கத்தில் ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். என்னவென்று பார்க்க வந்த போலீஸ்காரர் மூக்கில் வாசனை அடித்தது. ஊதச் சொன்னார், அத்தான் ஊதினார். எண் அளவைத் தாண்டி நின்றது. கார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிற்று, காரோடு அத்தானும் போனார்.

விஷயம் கேள்விப்பட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்தபடியாகக் கோபம்தான் வந்தது. "தினம் இந்த மாதிரி ஆளுங்களைத் திட்டிக்கிட்டே டைப் அடிக்கிறேன் அத்தான், நீங்களும் அந்தக் கட்டுல வந்து சேர்ந்துட்டீங்களே!" என்று கத்தினேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லைசென்ஸ் போனால் வேலை போகும். வேறு வேலை அவருக்குத் தெரியாது. அந்த வீட்டில் எல்லோருக்கும் அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் வக்கீலுக்கு எப்போதும் வாயில் ஒரு இருமல் மிட்டாய் இருக்கும். பேப்பரைப் படித்துவிட்டு மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார். "ஏம்மா, கவலைப்படாதே. என்ஜின் ஓடிச்சு, டிரைவர் சீட்ல தூங்கினாரு, அவ்வளவுதான் எழுதியிருக்கான். நகர்ந்துதுன்னு ஒரு வார்த்தை இல்ல. ஓட்டினாருன்னு சொல்ல முடியாது. பொறுப்புல வச்சிருந்தாருன்னுதான் சொல்லலாம். மகளுக்குப் போன் பண்ணி வரச் சொல்லியிருக்காரு, பொண்ணும் வந்திருக்கு. ஓட்டற எண்ணம் இல்லன்னு இதைவிட என்ன சாட்சி வேணும்? பொண்ணைக் கூண்டுல ஏத்தறோம், வெளியே வர்றோம்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் மலரவே இல்லை. "சரிம்மா" என்றார். மகள் அந்தப் பக்கமாக வந்தாள். அவளைப் பார்க்காமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மகள் இல்லாமல் டீகூடக் குடிக்காத மனிதர். சரி, வெட்கம் என்று விட்டுவிட்டேன்.

கேஸுக்கு முந்தின வாரம் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தரையைத் துடைக்கிறேன் என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தபோது இரண்டு முழங்காலையும் பார்த்தேன். மஞ்சளும் நீலமுமாக ஆறிக்கொண்டிருந்த காயம்.

"என்னடி இது?"

"பஸ் படியில இடிச்சுக்கிட்டேன் சித்தி."

"பஸ் படி என்ன ரெண்டு முட்டியையும் ஒரே உயரத்துல இடிக்குமா? உண்மையைச் சொல்லு."

துடைப்பதை நிறுத்திவிட்டாள். "சித்தி, வண்டி நகர்ந்துச்சு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னாள். "நான் எதிர்ல வந்துட்டேன். அப்பா தூங்கறாரேன்னு முன்பக்கமா சுத்திக் கதவுகிட்ட வரப் பார்த்தேன். போலீஸ்காரர் தட்டிட்டுப் போனாரு. அப்பா கண்ணையே சரியாத் தொறக்கல சித்தி. 'இதோ எடுத்துட்டேன் சார்'னாரு. வாய் அசையறது கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது. கியரைப் போட்டு எடுத்துட்டாரு. நான் முன்னாடி நிக்கறேன். என்னைப் பார்க்கவே இல்ல. முட்டியில வந்து இடிச்சதும் ரெண்டு கையாலயும் தட்டினேன், அப்புறம்தான் பிரேக் போட்டாரு. எனக்குப் பின்னாடி நின்ன வண்டியோட பம்பர்ல என் முதுகு அழுந்திக்கிட்டு இருந்துச்சு சித்தி. இன்னும் கொஞ்சம் வந்திருந்தா..."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"என் மூஞ்சியைத்தானே பிரேக் போட்டதும் பார்த்தாரு. அன்னையிலேருந்து என்கிட்ட பேசவே மாட்டேங்கறாரு."

நான் ஆடிப்போய்விட்டேன். பொறுப்பில் வைத்திருந்தது வேறு, ஓட்டியது வேறு. ஓட்டி ஒருத்தர் மேல் இடித்தது அதைவிட வேறு. எல்லாம் ஒரே தெருவில், ஒரு ஆள் நீளத்துக்குள், மனிதர் முழுசாக விழிப்பதற்கு முன்னாலேயே முடிந்திருக்கிறது. "கோர்ட்டுல கேட்டா என்னடி சொல்லுவே?" என்றேன். "நகரலன்னுதான் சொல்லுவேன். எங்கப்பா சித்தி" என்றாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத் தரையை நான் துடைத்தேன்.

கோர்ட் அறை சின்னது. மின்விசிறி ஒரு பக்கம்தான் சுற்றும், அந்தப் பக்கம் நீதிபதி இருந்தார். கண்டிப்பான அம்மா, ஆனால் ஒவ்வொருத்தரும் பேசி முடிக்கும்வரை குறுக்கிட மாட்டார். போலீஸ்காரர் தன் வாக்குமூலத்தைச் சொல்லிவிட்டு இறங்கினார். நகர்ந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை, பாவம் அவர் பார்க்கவே இல்லையே. அடுத்து மகள் ஏறினாள். அப்பா போன் செய்தது, பஸ் பிடித்தது, வண்டி எடுத்துப் போக வந்தது எல்லாவற்றையும் அழகாகச் சொன்னாள். எங்கள் வக்கீல் மிட்டாயை நிம்மதியாகக் கடித்தார்.

அரசு வக்கீல் எழுந்தார். சும்மா கேட்டு வைப்போம் என்கிற மாதிரிதான் கேட்டார். "நீங்க வந்தப்போ கார் முன்னாடி நின்னு தட்டினீங்கன்னு போலீஸ்காரர் சொல்றாரு. எதுக்கு முன்னாடி நின்னு தட்டணும்? கார் நகர்ந்ததா?"

அவள் வாயைத் திறந்தாள். கை தானாக முழங்கால் பக்கம் போயிற்று.

"நகர்ந்துச்சுங்க."

சொன்னது அவள் இல்லை. அத்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் வக்கீல் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அத்தான் உட்காரவில்லை.

"உங்க வக்கீலைக் கலந்துக்கிட்டுப் பேசுங்க" என்றார் நீதிபதி.

"கலந்துக்க ஒண்ணுமில்லிங்க மேடம். தட்டினாங்க, எடுத்துட்டேன். இத்தனை வருஷமா அப்படித்தான் எடுப்பேன். அன்னைக்குக் குடிச்சிருந்தேன், முன்னாடி பாக்கல. முன்னாடி நின்னது என் பொண்ணு. அவ முட்டியில இடிச்சுதான் நின்னுது." மகள் பக்கம் கையைக் காட்டினார். "அவளை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வைக்காதீங்க மேடம். அவ பொய் சொல்லிடுவா. எனக்காகச் சொல்லிடுவா. நான் அவளுக்கு வண்டி ஓட்டத்தான் சொல்லிக் குடுத்தேன், இதைச் சொல்லிக் குடுக்கல."

மகள் கூண்டைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா எழுந்தாள், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். நீதிபதி வெகுநேரம் எழுதிக்கொண்டே இருந்தார்.

தானாக ஒப்புக்கொண்டதற்காகவும், போன் செய்து மகளை வரவழைத்ததற்காகவும் சிறை இல்லை என்றார். ஆனால் குடித்துவிட்டு ஓட்டியது ஓட்டியதுதான், ஒருவர் மேல் இடித்ததும் இடித்ததுதான். அபராதம் போட்டார், லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்தினார். வெளியே வராந்தாவில் எங்கள் வக்கீல் என் பக்கம் திரும்பி, "ஜெயிச்ச கேஸும்மா இது!" என்று அழாத குறையாகச் சொன்னார். எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு பக்கம் அத்தானை நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. இன்னொரு பக்கம் அவர் காலில் விழலாம் போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு கார் நின்ற இடத்துக்கு நடந்தேன்.

முதலாளி நல்லவர்தான், ஆனாலும் லைசென்ஸ் இல்லாத டிரைவரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? மறுநாளே வேறு ஆள் போட்டுவிட்டார். அத்தான் இப்போது பழைய ஷெட்டிலேயே கார் கழுவுகிறார். கை முழுக்கச் சோப்புப் புண். அதைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை.

நான் சொல்ல வந்தது கோர்ட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பியதை. ஸ்டேஷனிலிருந்து மீட்டிருந்த அந்தக் கிழட்டுக் காரின் சாவி மகளிடம் இருந்தது. அக்கா பின்னால் ஏறினாள். நான் முன்னால் மகள் பக்கத்தில் ஏறினேன். அத்தான் பழக்கத்தில் நேராக டிரைவர் கதவுக்குப் போய்க் கைப்பிடியைத் தொட்டார். கை அங்கேயே நின்றது. பிறகு சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் இறங்கி முன் சீட்டைக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம், கதவை உள்ளே பூட்டிக்கொண்டேன்.

"பின்னாடி போங்க அத்தான்."

"இல்லம்மா, எனக்கு அங்கே..."

"போய் உட்காருங்கன்னா. அன்னைக்கு அங்கே படுத்திருந்தா இன்னைக்கு இங்கே நின்னிருக்க மாட்டோம்."

பின் கதவைத் திறந்தார். அக்கா நகர்ந்து இடம் விட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டாள். யாராவது வந்து இறங்கச் சொல்லிவிடுவார்களோ என்கிற மாதிரி சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். அக்கா அவர் தோளைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்த்தாள். "கல்யாணத்தன்னைக்கு உட்கார வேண்டிய இடம். இன்னைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கு மனுஷன்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் கை கோத்து நான் பார்த்ததே இல்லை.

மகள் சாவியைத் திருப்பினாள். கண்ணாடியைச் சரிசெய்து அதில் அப்பாவைப் பார்த்தாள். அவரும் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தது அப்போதுதான்.

"அப்பா, எடுக்கட்டுமா?" என்றாள்.

"முன்னாடி பாத்துட்டு எடும்மா" என்றார்.

"பாத்துட்டேன்பா. யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாக எடுத்தாள்.